அடுத்த மலையின் கேசட்

தலவாக்கலை,
ஞாயிறு மாலை

அன்பு மச்சான்,

நமக்குச் சங்கீதம் சொல்லித்தந்த மாஸ்டருக்குக் கருமாதி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. போனில் சொன்னபோது நீ ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச வரவில்லை. எழுதினால் வரும் என்று இன்று உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சின்னவளுக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி, பனி இறங்கினால் கூடுகிறது. மற்றபடி சுகம்.

மாஸ்டரின் காம்பராவை ஒதுக்கும் வேலையை என்னிடம்தான் விட்டார்கள். தோட்டத்து லய வீடுகளின் கோடியில் அதே காம்பரா. கட்டிலுக்கு அடியில் ஒரு தேயிலைப் பெட்டி, அது நிறையக் கேசட். எண்ணினேன், 63. ஒவ்வொன்றிலும் அவருடைய சரிந்த எழுத்து: தேயிலை ஸ்டோர் ரோலர், ராத்திரி. பீலிக்கரை, விடியுமுன். தகரத்தில் ஆனி மழை. ஒன்றில் சென் கிளயர் என்று மட்டும் இருந்தது. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் ஓடத் தொடங்கிய பிறகு அந்த அருவியில் விழும் தண்ணீர் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். பழைய இரைச்சலை நம் பிள்ளைகள் இனி அந்தக் கேசட்டில்தான் கேட்க வேண்டும்.

"இதெல்லாம் ஒரு சங்கீதமா?" என்று தோட்டமே கேட்டது. நமக்கும் முதலில் விளங்கவில்லை. ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தை அவர் அரை மணி நேரம் பிடித்திருக்க, நாம் ஒவ்வொருவராகத் தோட்ட டிவிஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சிறுவனாக அட்டன் ஸ்டேஷனில் நின்று அவர் கேட்ட ரயிலை, அந்த ஒப்பாரிக் கோச்சியைத்தான் அப்படிச் செய்திருக்கிறார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய அத்தை குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்ட கோச்சி அது. எனக்கு அதை அவர் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். இன்னொன்றும் சொல்வார்: பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ரயில் என்ஜின் சத்தங்களைப் பதிவு செய்து, அவற்றையே வெட்டி அடுக்கி இசையாக்கியது 1948இல். "அதே வருஷம்தான்டா இங்கே சட்டம் போட்டு நம்மை நாடற்றவர்களாக்கினார்கள்" என்பார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்ன வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் மச்சான், எனக்கு மாஸ்டர் என்றால் அந்த இரண்டு தப்பு மேளம்தான். மாசி மாதம், காமன் கூத்து முடிந்த மறுவாரம். காய்ந்த தேயிலை மிளாறைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, என்னை இந்த மலையிலும் உன்னை அடுத்த மலையிலும் நிறுத்தினார். சேர்ந்து அடிக்கப் பார்த்தோம், சேரவே இல்லை. நான் அடித்தது உனக்கு இரண்டு வினாடி கழித்துத்தான் கேட்டது. சத்தம் வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும், நடுவில் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 700 மீட்டர் என்று அப்புறம் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினார். "சேராதீங்கடா. அவனுடைய அடி உன் காதுக்கு வந்த பிறகு நீ அடி" என்றார். நான் அடித்து, அது உனக்கு வந்து, நீ அடித்து, அது எனக்கு வர நான்கு வினாடி. அந்த நான்கு வினாடியில் நான் கேட்டதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டோர் உறுமல், கீழ் லயத்தில் ஒரு குழந்தை, பனிக்குள் ஒரு குருவி. காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் சேர, கூப்பிடவும் சாவைச் சொல்லவும் மட்டும் அடித்துக் கேட்ட தப்பு அன்றைக்கு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

தப்பைத் தொட்டதற்காக உன் வீட்டில் இரண்டு நாள் உனக்குச் சோறு போடவில்லை. சாதிப் பேச்சு அப்படி இருந்தது. மூன்றாம் நாள் மாஸ்டர் வந்து உங்கள் அப்பாவோடு ஒன்றும் வாதாடாமல், வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது புரியவில்லை. அன்று அந்த வாசலில் உட்கார அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்று இரண்டு மலையிலும் ஒவ்வொரு ரெக்கார்டர் வைத்தார் அல்லவா? என் பக்கத்தில் பதிந்தது பெட்டியில் கிடைத்துவிட்டது. என் அடி கிட்டத்தில், உன் அடி தூரத்தில். உன் பக்கத்தில் பதிந்ததை நீ ஊரை விட்டுப் போன அன்று பஸ்ஸுக்குள் உன் கையில் திணித்தார், நான் பார்த்தேன். அதைத் தேடு. பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காதே, நாடாவும் போகும், மெஷின் ஹெட்டும் கெடும். ஈரம் படாமல் சுற்றி அப்படியே அனுப்பு, இங்கே துடைத்துக் கணினியில் ஏற்றத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும் என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீயே கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

உன் கூட்டாளி