மறைத்து வைத்த செய்தியைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நீ வேலையை விட்டுவிட்டாய் என்பதை உன் தம்பி வாய்தவறிச் சொல்லித்தான் அறிந்தேன். என் இதயம் தாங்காது என்று எண்ணி நீங்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்திருக்கிறீர்கள். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், மாரடைப்புக்குப் பிறகு என் அன்றாட வாழ்வு சுருங்கியதில் இதயத்தின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்பதை நீ அறிய வேண்டும்.

இதயத்தின் இயக்கத்தைக் காட்டும் எக்கோ பரிசோதனையில் ஒரே அளவு பலவீனம் தெரியும் இருவரில் ஒருவர் வேலைக்குப் போய்வருவார், மற்றவர் கட்டிலை விட்டு இறங்கத் தயங்குவார். அதனால்தான் இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தால் போதிய இரத்தத்தை இறைக்க முடியாத நிலை, உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அறிய மினசோட்டா வினாப்பட்டியல் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அதன் 21 கேள்விகளுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை ஏற ஏற வாழ்க்கைத் தரம் மோசம் என்று பொருள். மூச்சிரைப்பையும் கால் வீக்கத்தையும் கேட்கும் அதே தாள், குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டதாக உணர்கிறீர்களா என்றும், வாழ்க்கை உங்கள் கையை விட்டுப் போனதாகத் தோன்றுகிறதா என்றும் கேட்கிறது. படியேறுவதற்கு நான் இட்ட மதிப்பெண்ணை விட இவ்விரண்டுக்கும் இட்டது அதிகம்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் சேர்ந்துகொள்கிறது. அது வந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், நடைப்பயிற்சியை நிறுத்துகிறார், மனிதர்களைத் தவிர்க்கிறார். அந்தத் தனிமை சோர்வை இன்னும் வளர்க்கிறது. 2003இல் வெளியான என்ரிச்ட் என்ற பெரிய ஆய்வில், மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வோ போதிய துணையின்மையோ இருந்தவர்களுக்கு உளவியல் சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். மறுமாரடைப்பும் மரணமும் குறையவில்லை. சோர்வு குறைந்தது, சுற்றத்தாரின் துணை கூடியதாக அவர்கள் உணர்ந்தார்கள். இதைத் தோல்வி என்று சொல்வோர் உண்டு. ஆயுள் நீளாவிட்டாலும் இருக்கும் நாட்கள் லேசாவது சிறிய பயனா என்று நோயாளியைக் கேட்டால் அல்லவா தெரியும்!

உன் அம்மா என்னை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. மருத்துவர் அனுமதித்த வேலையையும் வீட்டார் தடுக்கும்போது, தன்னால் முடியாது என்றே நோயாளியும் நம்பத் தொடங்குகிறார். 1985இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், மாரடைப்பிலிருந்து மீண்டுவந்த கணவர்கள் டிரெட்மில்லில் நடந்த அதே வேகத்தில், அதே ஏற்றத்தில் மனைவியர் சிலரையும் மூன்று நிமிடம் நடக்க வைத்தார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்களை விட, தாமே நடந்து பார்த்த மனைவியருக்குத்தான் கணவரின் இதய வலிமை மீது நம்பிக்கை பெரிதும் உயர்ந்தது.

ஆகவே இரண்டு காரியங்கள் கேட்கிறேன். வேலையை ஏன் விட்டாய், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்பதை எனக்கு விரிவாக எழுது. யோசனை சொல்லும் தகுதியை நான் இழந்துவிடவில்லை. அடுத்த டிரெட்மில் பரிசோதனையின்போது அம்மாவும் சிறிது நேரம் நடந்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். அம்மாதான் இன்னும் இணங்கவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ பேசு.

அன்புடன்,
அப்பா