பெரியப்பாவுக்கு, பாதியில் நிறுத்திய படத்தைப் பற்றி

அன்புள்ள பெரியப்பா,

போன சனிக்கிழமை நடந்ததைப் போனில் பேசிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். சாப்பிட்டீர்களா, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்பதைத் தாண்டி நம் இரண்டு பேருக்கும் போனில் பேச்சு ஓடுவதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் படித்துவிடுவீர்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

படத்தைப் போட்டது நான். பலூன் கட்டிக்கொண்டு பறக்கிற வீடு, பேசுகிற நாய், கலர் கலராக ஒரு பெரிய பறவை, பாப்பா குதிப்பாள் என்பதோடு என் யோசனை நின்றுவிட்டது. 'அப்' படம் 2009-ல் வந்தபோதே பார்த்திருக்கிறேன். முதல் பத்து நிமிடத்தில் என்ன வரும் என்று தெரியும். தெரிந்தும், பெரியம்மா போய் எட்டு மாதம்கூட ஆகாத வீட்டில், உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

படத்தில் கார்ல் என்கிற கிழவரின் மனைவி எல்லி மலை ஏறும்போது தடுமாறி விழுந்தாள். "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனீர்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சத்தம் கேட்கவே இல்லை. கால் மணி நேரம் கழித்து மாடிப்படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக டிவியை அணைத்தேன். அப்புறம் எல்லோரும் இட்லி சாப்பிட்டோம். யாரும் எதுவும் பேசவில்லை.

கார்லும் எல்லியும் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவள் போய்ச் சேருகிற வரைக்கும் மொத்தம் நான்கு நிமிடத்துச் சொச்சம்தான். ஒரு வசனம் கிடையாது. மைக்கேல் ஜியாச்சினோவின் ஒரே மெட்டுதான் ஓடுகிறது. கல்யாண நாளில் துள்ளுகிற அதே மெட்டு, கடைசியில் ஒற்றைப் பியானோவில் அடுத்த அடி எடுத்து வைக்கத் தயங்கும். அவள் அவனுக்கு டை கட்டிவிடுகிறாள். டை மாற மாற வருஷம் ஓடிவிடுகிறது. அருவி பார்க்கப் போக வேண்டும் என்று ஒரு ஜாடியில் சில்லறை சேர்க்கிறார்கள். டயர் வெடித்தால் ஜாடியை உடைக்கிறார்கள், கால் முறிந்தால் உடைக்கிறார்கள், கூரை மேல் மரம் விழுந்தால் உடைக்கிறார்கள். பெரியம்மா காசிக்கென்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த பணம் அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்குப் போனதும், அடுத்த தடவை போர்வெல்லுக்குப் போனதும் எனக்கே தெரியும். உங்களுக்கு அந்த ஜாடி எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று ராத்திரி மாம்பலம் ஸ்டேஷன் படியில் ஏறும்போது பாப்பா கேட்டாள்: "அந்தப் பாட்டி செத்துட்டாளாப்பா? பெரிய பாட்டி மாதிரியா?" ஆமாம் என்றேன். மறுநாள் மீதிப் படத்தை நானும் அவளும் பார்த்தோம். நீங்கள் வலி இருக்கிற பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள் பெரியப்பா. அதன் பிறகுதான் கதையே.

கார்லுக்கு 78 வயது. காது மிஷின், ஊன்றுகோலின் நான்கு கால்களிலும் டென்னிஸ் பந்து. குழந்தைகளுக்கான படத்தில் இப்படி ஒரு கதாநாயகன். கேன்ஸ் திரைப்பட விழாவை அந்த வருஷம் தொடங்கி வைத்த படம் இது. ஒரு அனிமேஷன் படத்துக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அவர் வீட்டைச் சுற்றி எல்லாவற்றையும் இடித்துக் கட்டடம் எழுப்புகிறார்கள். நடுவில் அந்த ஒற்றை வீடு. விற்கமாட்டேன் என்கிறார். உங்கள் தெருவில் தனி வீடு என்று மிச்சம் இருப்பது உங்களுடையதும் கோடி வீடும்தான். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்துவிடுகிறது. அழைத்துப் போக ஆள் வந்து நிற்கும்போதுதான் பலூன்கள் கிளம்புகின்றன. அவர் காலமெல்லாம் பலூன் விற்றவர். தெரிந்த ஒரே தொழிலை வைத்து வீட்டையே கிளப்பிக்கொண்டு போகிறார். அந்தக் காட்சிக்கு மட்டும் 20,000-க்கும் மேலான பலூன்களைக் கணினியில் உருவாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் கலர் நிழல் விழுந்து போகும். பாப்பா மூச்சே விடவில்லை. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கார்லிடம் அந்தப் படம் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. சரி, வீட்டோடவே வாங்க என்கிறது. நாங்கள் உங்களிடம் என்ன சொன்னோம்? "ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்துட்டு பெங்களூர் வந்துடுப்பா" என்றார் அண்ணன். "வாக்கிங் போங்க, நாலு பேரோட பழகுங்க" என்றேன் நான். உங்களிடம் பெரியம்மா பெயரை எடுக்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டோம், உங்களைக் கேட்காமலே.

அந்த வீடும் நெடுநேரம் பறக்காது. பலூன்கள் வெடிக்க வெடிக்கத் தரைக்கு இறங்கிவிடும். அதைத் தோட்டத்து ரப்பர் குழாயில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு பாறை பாறையாக இழுத்துக்கொண்டு நடப்பார். வில்லனாக வருபவரும் ஒரு கிழவர்தான். ஒரே ஒரு பறவையைப் பிடிப்பதிலேயே வாழ்நாளைத் தொலைத்தவர். அவரோடு வரும் துரத்தல்கள் எனக்குக் கொஞ்சம் நீளம். ஆனால் ஒன்றையே இறுகப் பிடித்துக்கொண்ட இரண்டு கிழவர்கள் எதிரெதிரே நிற்பதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அருவிக்கு வந்து சேர்ந்த பிறகு எல்லியின் பழைய நோட்டைத் திறக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள். அதைப் படித்துவிட்டு அவர் செய்வதை மட்டும் சொல்கிறேன். வீடு மறுபடி எழும்ப வேண்டும், கனம் குறைய வேண்டும். ஆகவே சாமான்களை எல்லாம் வெளியே தள்ளுகிறார். நாற்காலிகள் இரண்டு: அவருடையது சதுரம், அவளுடையது உருண்டை. அவை மட்டும் பாறை மேல் பக்கத்தில் பக்கத்தில், அருவியைப் பார்த்தபடி நிற்கின்றன. "மத்ததெல்லாம் தூக்கிப் போட்டுட்டார், அது ரெண்டையும் மட்டும் அழகா வெச்சிருக்கார் பாருப்பா" என்றாள் பாப்பா.

சாவு வருகிற படத்தைக் குழந்தைக்கு எதற்குக் காட்டினாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்று ஞாபகம் இருக்கிறதா பெரியப்பா? காரியத்தன்று மொட்டை மாடியில் இலை போட்டுச் சோறு வைத்தோம். காக்கா டேங்க் மேல் உட்கார்ந்து பார்த்ததே தவிர இறங்கவில்லை. "வடை வைக்கலை, அதான் அக்கா கோவிச்சுக்கிட்டா" என்றார் அம்மா. சித்தி கீழே ஓடிப்போய் வடை கொண்டு வந்து வைத்தார். வைத்த கை எடுக்கவில்லை, காக்கா வடையைக் கொத்திக்கொண்டு போனது. அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். அன்றிலிருந்து பாப்பாவுக்குக் காக்கா என்றால் பெரிய பாட்டிதான். எங்கள் பால்கனிக்கு எது வந்தாலும் தன் பிஸ்கெட்டில் பாதி அதற்கு. செத்துப்போனவள் வடைக்காகக் கோபித்துக்கொண்டு தண்ணி டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்புகிற நமக்கு, பலூனில் பறக்கிற துக்கம் புதிதா என்ன?

'அப்' எடுத்த அதே பிக்ஸார் ஸ்டூடியோ ஆட்கள் 2017-ல் எடுத்த 'கோகோ'வையும் உங்களுக்குக் காட்ட ஆசை. மெக்சிகோ கதை. அங்கேயும் நம்மைப் போலவே செத்தவர்கள் போட்டோவை வைத்து, பிடித்ததையெல்லாம் படைக்கிறார்கள். கோயம்பேட்டில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் செண்டுமல்லியைத்தான் வழியெல்லாம் தூவுகிறார்கள். அந்தப் பூவுக்குப் பூர்வீகமே மெக்சிகோதான். உயிரோடு இருப்பவர்களில் நினைத்துப் பார்க்க ஒருவரும் இல்லாமல் போனால் அங்கே செத்தவர்கள் இரண்டாம் தடவையும் இல்லாமல் போகிறார்கள். மறதி முற்றிய கொள்ளுப்பாட்டி ஒருத்தி சக்கர நாற்காலியில் இருப்பாள். படம் முழுக்க அவள் பேசுவது நாலைந்து வார்த்தைதான். கொள்ளுப்பேரன் அவளுடைய அப்பாவின் பாட்டைப் பாடும்போது அந்தச் சுருங்கிய முகம் மெல்லத் தெளிந்து, அவளும் கூடப் பாடுகிறாள். என் கணக்கில் படத்தையே தாங்குவது அந்த முகம்தான்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. அன்று படம் போடுவதற்கு முன்னால் பாப்பா ஓடிப்போய்ப் பெரியம்மாவின் பச்சை ஒயர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அறுந்த இரண்டு ஒயரைப் பெரியம்மா கூடை பின்னி மிச்சமான சிவப்பு ஒயரால் முடிச்சுப் போட்டிருந்தாரே, அதை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். "அதுல உட்காராதே, எழுந்திரு" என்று நான் அதட்டினேன். பேப்பர் அடுக்குகிற இடமாக அது ஆகிவிட்டது என்பதால் அல்ல, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். முகத்தில் கோபம் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறோம். படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதலிலிருந்து வேண்டாம் என்றால் பலூன் கிளம்புகிற இடத்திலிருந்து போடுகிறேன். பாப்பா இந்தத் தடவை அந்த நாற்காலியிலேயே, உங்கள் ஈஸிசேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டுமா? உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

உங்கள் தம்பி மகன்