ஒர்க் பெர்மிட் கணக்கைக் காட்டுங்கள்: கால்பந்து மேலாளர் விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உருவாக்குநர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டில் ஒரு கிளப்பின் மேலாளராகி, வீரர்களை வாங்கி விற்று அணியை நடத்துகிறோம். அதில் இங்கிலாந்து கிளப்பை எடுத்து ஆடுபவர்களின் குறை உங்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். புல்லின் மேல் விழும் நிழல்வரை மெருகேற்றிவிட்டீர்கள், பாராட்டுகள். ஆனால் வெளிநாட்டு வீரரின் பக்கத்தைத் திறந்தால் அதே பழைய ஒற்றை வரிதான் நிற்கிறது: ‘ஒர்க் பெர்மிட் (வேலை அனுமதி) கிடைப்பது சந்தேகம்.’ ஏன் சந்தேகம், எவ்வளவு சந்தேகம், என்ன நடந்தால் அது தீரும்? ஒன்றும் கிடையாது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. கணக்கைக் காட்டுங்கள்.

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. 2021 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய பாஸ்போர்ட் இங்கிலாந்தில் செல்லாக்காசு ஆகிவிட்டது. அயர்லாந்துக்காரருக்கு மட்டும் அனுமதி தேவையில்லை. போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து வந்தாலும் நைஜீரியாவின் லாகோஸிலிருந்து வந்தாலும் மற்ற எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டும். அதை நீங்கள் விளையாட்டுக்குள் கொண்டுவந்தது சரியே. அந்த நெருக்கடிக்காகத்தான் பலர் இங்கிலாந்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். விதி வேண்டாம் என்றால், விளையாட்டின் தரவை மாற்ற உதவும் எடிட்டரில் அதை அழித்துவிட்டு ஆடலாமே என்று பதில் சொல்லிவிடாதீர்கள். சீட்டாட்டத்தில் புள்ளிக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால், ‘அப்படியானால் சீட்டே இல்லாமல் ஆடு’ என்பது போல இருக்கிறது அது.

அந்த விதி முழுக்க முழுக்க எண்களால் ஆனது என்பதுதான் எரிச்சலின் மூலம். 15 புள்ளி எடுத்தால் அனுமதி. 10 முதல் 14 வரை என்றால் விதிவிலக்குக் குழுவிடம் முறையிடலாம். தேசிய அணி உலகத் தரவரிசையில் முதல் 50-க்குள் இருந்து, வீரர் போதுமான சர்வதேச ஆட்டங்களில் இறங்கியிருந்தால் புள்ளியே பார்க்காமல் அனுமதி. முதல் 10 நாடுகளுக்கு 30 சதவீத ஆட்டங்கள் போதும். 31 முதல் 50 வரை உள்ள நாடுகளுக்கு 70 சதவீதம் வேண்டும். மற்றவர்களுக்கு, ஆறு அடுக்காகப் பிரித்த லீக்குகளில் விற்கும் கிளப் எந்த அடுக்கு, லீக்கில் எத்தனை சதவீத நிமிடம் ஆடினார், சாம்பியன்ஸ் லீக் போன்ற கண்ட அளவிலான போட்டிகளில் எவ்வளவு ஆடினார், கிளப் எந்த இடத்தில் முடித்தது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கவேண்டும். அந்த முறையீட்டைத் தவிர இதில் யாருடைய அபிப்பிராயமும் இல்லை. வெறும் கூட்டல்.

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கிட்டப்போய்ப் பாருங்கள். லீக் நிமிடங்களுக்கான புள்ளி பத்துப் பத்து சதவீதமாக ஏறுகிறது. 38 ஆட்டமுள்ள லீக்கில் மொத்தம் 3420 நிமிடம். அதில் 80 சதவீதம் 2736. உங்கள் ஸ்கவுட் (வீரர்களைத் தேடிப் பார்த்து வருபவர்) ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்த இடது பின்காப்பு வீரர் 2710 நிமிடம் ஆடியிருக்கிறார். 79.2 சதவீதம். ஒரு புள்ளி போச்சு. கையில் 14 இருக்கிறது, 15 இல்லை. 26 நிமிடம்! ஏதோ ஒரு ஆட்டத்தில் 64-ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக இறங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த 38-இல் இரண்டு ஆட்டம் அவர் தொடைத்தசைக் காயத்தால் வெளியே இருந்தார் என்று வையுங்கள். காயத்தால் ஆடாத ஆட்டங்களைக் கழித்தால் மொத்தம் 3240 நிமிடம், அவருடைய கணக்கு 83.6 சதவீதம், அனுமதி உண்டு. கழிக்காவிட்டால் இல்லை. உங்கள் விளையாட்டு கழிக்கிறதா, இல்லையா? திரையில் எங்கே தேடினாலும் பதில் இல்லை.

சரி, துணிந்து முயலலாம் என்றால் என்ன நடக்கிறது? விலை பேசி, தவணை பேசி, ஏஜென்ட்டின் கமிஷன் பேசி, சம்பளம், போனஸ், விடுவிப்புத் தொகை எல்லாம் முடித்து, மருத்துவப் பரிசோதனையும் தாண்டிய பிறகு ஒரு கடிதம் வருகிறது: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் கிடையாது. வீரர்களை வாங்குவதற்கான கடைசி நாளாக (டெட்லைன்) இருந்தால், பேச்சு நடந்த நாட்களில் ஒதுக்கிவைத்த பட்ஜெட்டை வேறு வீரருக்குத் திருப்ப நேரமும் இருக்காது. பழைய இடது பின்காப்பு வீரரை அதற்குள் வேறு கிளப்புக்கு லோனில் (கடனாக) அனுப்பியிருந்தால், மறுபடி வாங்க முடிகிற ஜனவரிவரை அந்த இடம் காலிதான்.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே விதிகளை வெளியிட்டிருக்கிறதே, படித்துக்கொள்ளுங்கள் என்பீர்கள். படித்திருக்கிறோம். முதல் சீசனில் ஓரளவு உதவும். ஆனால் எட்டு, பத்து சீசன் ஓடவிட்டுச் சேமித்த ஆட்டத்தில் நாடுகளின் தரவரிசை நீங்கள் உருவாக்கியது. எந்த நாடு 50-ஆவது, எது 51-ஆவது என்பது உங்கள் கணினி நடத்திய ஆட்டங்களின் விளைவு. லீக்குகளின் மதிப்பும் அங்கே ஏறி இறங்கியிருக்கலாம். அந்த உலகத்தின் எண்கள் உங்களிடம் மட்டுமே இருக்கின்றன. உண்மையான ஆவணத்தை அங்கே வைத்துப் பார்ப்பது வேறு ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்து நாள் பார்ப்பது மாதிரிதான்.

2023-இல் வந்த மாற்றம் இதை இன்னும் குழப்புகிறது. மேல் இரண்டு நிலைகளான பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புகளுக்கு நான்கு வரை, அடுத்த இரண்டு நிலைகளான லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்கு இரண்டு வரை, வழக்கமான அளவுகோலை எட்டாத வீரர்களுக்கான இடங்கள். இங்கிலாந்துக்கு ஆடத் தகுதியுள்ளவர்களுக்கு எவ்வளவு ஆட்ட நேரம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எண்ணிக்கை மாறும். நல்ல ஏற்பாடு. ஆனால் எத்தனை இடம் மீதம் இருக்கிறது, அதில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் 15 புள்ளியை எட்டிய பிறகு இடம் விடுபடுமா என்பது ஒரே பக்கத்தில் தெரிந்தால்தானே திட்டமிட முடியும்?

வேடிக்கை என்னவென்றால், கணினி நடத்தும் கிளப்புகள் இப்படி ஒருபோதும் ஏமாறுவதில்லை. பெர்மிட் கிடைக்காத வீரரை அவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவற்றுக்குக் கணக்கு தெரியும். காசு கொடுத்து விளையாட்டை வாங்கியவருக்கு மட்டும்தான் ரகசியம்! ஒரு மூன்றாம் நிலை கிளப்பில்கூட இந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்க ஓர் ஆள் இருப்பார். நீங்கள் எங்களுக்கு வாங்கவேண்டிய வீரர்களை ஆராயும் ரீக்ரூட்மென்ட் அனலிஸ்ட் தருகிறீர்கள், வாங்கல் விற்றலைக் கவனிக்கும் டைரக்டர் ஆஃப் ஃபுட்பால் தருகிறீர்கள், சம்பளமும் எங்கள் பட்ஜெட்டிலிருந்தே போகிறது. இரண்டு பேர் சேர்ந்தும் ஒரு கூட்டல் போட முடியவில்லை. பத்திரிகையாளர் சந்திப்பில் அதே கேள்வியை நாற்பதாவது முறையாகக் கேட்க மட்டும் ஆள் இருக்கிறது.

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது. மன்னிக்கவும். ஸ்பெயினின் முதல் நிலை லீக்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து மூன்று பேர்தான் என்பதை நீங்களே தெளிவாகக் காட்டுகிறீர்கள். நெதர்லாந்தில் அப்படி வெளியிலிருந்து வருபவருக்கு உயர்ந்த குறைந்தபட்ச சம்பளம் தரவேண்டும் என்பது ஒப்பந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே முடிகிறதென்றால் இங்கேயும் முடியும்.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறோம்: கணக்கைக் காட்டுங்கள். வீரரின் பக்கத்தில் ஒரு தாவல் (டேப்) போதும். எந்தத் தலைப்பில் எத்தனை புள்ளி, கணக்கில் எடுத்த காலம் எந்தத் தேதியிலிருந்து எதுவரை, காயத்துக்காகக் கழித்த ஆட்டங்கள் எத்தனை, அடுத்த புள்ளிக்கு இன்னும் எத்தனை நிமிடம் தேவை. ஸ்கவுட்டின் அறிவு குறைவாக இருந்தால் சில எண்களை மறைத்து, தோராயமாகக் காட்டுங்கள். அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் நிராகரிப்புக் கடிதத்தில் முழுக் கணக்கும் இருக்கட்டும். இதை அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போடாமல், இந்தப் பதிப்பின் அடுத்த பேட்ச்சிலேயே (இடைத் திருத்தத்திலேயே) செய்துதர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இங்கிலாந்து கிளப்புகளை ஆடிக்கொண்டிருக்கும் மேலாளர்கள்