அடிக்கடல் நீரின் வயது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. என் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

மேலே கடல் இவ்வளவு சூடாகிறதே, அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். சில மாதங்களாக நான் படிப்பதே அதைத்தான்.

1872இல் புறப்பட்ட சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் மூன்றரை ஆண்டுகள் உலகக் கடல்களைச் சுற்றியது. வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கி அளந்தார்கள். அந்த ஆழத்து அழுத்தம் வெப்பமானியையே நெருக்கி, அளவைக் கூட்டிக் காட்டும். அதையும் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அந்த அளவுகளை 1990களின் அளவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. பசிபிக்கில் இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே உள்ள நீர் லேசாகக் குளிர்ந்திருக்கிறதாம்! துருவப் பக்கம் மூழ்கும் குளிர்நீர் அங்கே போய்ச் சேரப் பல நூற்றாண்டுகள் பிடிக்கிறது. சில நூற்றாண்டுகளுக்கு முன்பு பூமி சற்றுக் குளிர்ந்திருந்த காலத்தில் மூழ்கிய நீர் இப்போதுதான் அங்கே வந்துகொண்டிருக்கிறது. நம் காலத்துச் சூடு அந்த மூலைக்கு இன்னும் எட்டவில்லை.

அதற்காக ஆழ்கடலுக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதே. அண்டார்டிகாவை ஒட்டி மூழ்கும் அடிநீர் ஏற்கெனவே சூடாகி வருகிறது. அப்புறம், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைக் கேள். காற்றில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) பெருகி, ஆழ்கடலே ஏறத்தாழ 5 டிகிரி சூடானது. நீரில் அமிலத்தன்மை கூடியது. கடலடியில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களில் பல இனங்கள் அடியோடு அழிந்தன. கடல் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலானது. இப்போது நாம் அதைவிட வேகமாகக் கரிவளியைக் காற்றில் கலக்கிறோம் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

தெற்கு அட்லாண்டிக்கின் அடியில் துளையிட்டு எடுத்த மண்தண்டின் படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளைச் சேறு முழுக்க நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள். திடீரென்று செங்களிமண் தொடங்குகிறது, பார்த்தாயா? அங்கேதான், நான் சொன்ன அந்தச் சூட்டுக் காலத்தில், அமிலம் கூடிய நீரில் ஓடுகள் கரைந்துபோயின. புதுக் கண்ணால் நிதானமாகப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்