கிணற்றடிக்கு வந்து நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பேட்டை என்றால் பலருக்கு சேரன்மகாதேவி பஸ்ஸின் ஜன்னலில் கடந்து போகிற இடம். வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்கள்கூட "டவுன் பக்கமா ஏதும் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இங்கே குடியிருப்பதன் சுகம் தெருவுக்குள் வந்து நின்றால்தான் தெரியும். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் எங்கள் தெருவில் யாரும் குடத்தோடு அலைய வேண்டாம். பொதுக் கிணறு இருக்கிறது. பல வருஷம் தூர் எடுக்காமல் கிடந்த அந்தக் கிணற்றை இந்த வைகாசியில் மீட்டுக் கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி மடை பார்க்கும் தாத்தாவுக்கு. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய்தான் பேட்டைக் கிணறுகளுக்கு ஊற்று. அணையில் தண்ணீர் இருந்து, ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் திறந்துவிட்டால் கிணற்றில் மட்டம் ஏறிவிடும். அதற்கு முன், கால்வாய் காய்ந்து கிடக்கையில் இறங்கினால்தான் அடி தெரியும் என்று நாள் குறித்துத் தந்தவர் அவர். மழைக்காலத்தில் அவசரப்பட்டு இறைத்தால் இன்னொரு கேடும் உண்டு: வெளியே மண்ணில் ஊறிய நீர் சுவரை உள்ளே தள்ளும், பழைய கட்டு சரிந்துவிடும்.

மோட்டார் பட்டறை அண்ணாச்சிக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மேலே வைத்த பம்பு சுமார் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. அதனால் டீசல் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் புகை அடியில் தங்கி ஆளைக் கொன்றுவிடும். அவர் சகதி இறைக்கும் மின்சார மோட்டாரைக் கயிற்றில் இறக்கினார். ஆள் இறங்கும்போதெல்லாம் இணைப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே இறங்கி வேலை செய்த மூன்று பேருக்கு எப்படி நன்றி சொல்ல! இறங்குவதற்கு முன் அரை நாள் காற்றூதியை ஓட விட்டார்கள். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் பழக்கம்தான். அணைந்தால் இறங்கக் கூடாது. ஆனால் அணையாததால் மட்டும் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது, எல்லா நச்சுக் காற்றும் விளக்கை அணைக்காது. ஒருவர் இறங்க, இடுப்புக் கயிற்றை மேலே இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். இதில் கொஞ்சமும் சுணங்காதவர்களைத்தான் வேலைக்குக் கூப்பிட வேண்டும், கூலி கூடுதலானாலும் சரி. வெளியே வந்த கரம்பை தெருத் தென்னைகளுக்குப் போனது.

கொத்தனார் கைப்பிடிச் சுவரை 75 சென்டிமீட்டருக்கு உயர்த்தினார். சுற்றிலும் 1 மீட்டர் அகலத்துக்கு சிமெண்ட் தளம், வெளிப்பக்கம் சரிவு. துணி துவைத்த தண்ணீர் திரும்ப உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது இந்தச் சரிவு இல்லாததால்தான். கழிவுக் குழி கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், தன் வீட்டுக் குழியை மூடி வேறிடத்தில் தோண்டிய மதினிக்கும் தெருவே நன்றி சொல்கிறது.

பிளீச்சிங் பவுடர் போடும் முறையைப் பொறுமையாகச் சொல்லித் தந்த சுகாதாரப் பணியாளர் அக்காவுக்கு, அவர் சொன்ன கணக்கையே எழுதி அனுப்புகிறோம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர்: சுமார் 12,500 லிட்டர். தூர் எடுத்து ஊற்று ஏறியதும் முதல் தடவை 2 கிலோ. ஒரு ராத்திரி விட்டு, காலையில் வாடை போகும்வரை இறைத்துக் கொட்டியாயிற்று. இனி வழக்கமாகப் போட 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், அதாவது 30 கிராம் சொச்சம். பொடியை அப்படியே தூவக் கூடாது. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மிகாமல் எடுத்துக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிஷம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்து, தண்ணீருக்குள் இறக்கி ஆட்ட வேண்டும். சுண்ணாம்பும் சேர்ந்து விழுந்தால் தண்ணீர் கடினமாகிவிடும், பருப்பு வேகாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்கலாம். ஈரம் பட்ட பழைய பொடியில் வீரியம் இருக்காது; நம் ஊர் வெயிலில் திறந்த டப்பா சீக்கிரம் கெட்டுவிடும்.

வேலை நடந்த நாளெல்லாம் மோரும் சோறும் தந்த ஆச்சிமார்களே, உங்களுக்கும்தான்.

பவுடர் டப்பா கிணற்றடி முதல் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல் யாரும் இறைக்க வேண்டாம், அன்றைக்குத்தான் மருந்து. கப்பியும் புதுக் கயிறும் போட்டாயிற்று. பக்கத்துத் தெருக்காரர்களும் தாராளமாக வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கிணற்றடித் தெருக்காரர்கள்,
பேட்டை, திருநெல்வேலி