ட்ராயிங் அளவைக் கட்டுப்பாட்டு எல்லையாகப் போடச் சொல்லாதீர்கள்

சிறு பட்டறைகளிடம் பாகங்கள் வாங்கும் நிறுவனங்களின் தரப் பிரிவு மேலாளர்களுக்கு,

வணக்கம். கோவையில் சிஎன்சி லேத்தில் புஷ் (நடுவில் ஓட்டையுள்ள உருளைப் பாகம்) கடைந்து கொடுக்கிறோம். போன ஆடிட்டுக்கு வந்தவர், மிஷின் பக்கத்தில் மாட்டியிருந்த கன்ட்ரோல் சார்ட்டை (அளவுகளைப் புள்ளியாக வைத்து, மிஷின் வழக்கம்போல ஓடுகிறதா என்று எல்லைக் கோடுகளை வைத்துப் பார்க்கும் வரைபடம்) பார்த்துவிட்டு, ட்ராயிங்கில் உள்ள மேல், கீழ் அளவுகளையே எல்லைக் கோடாகப் போடச் சொன்னார். வேறு கம்பெனிக்காரர்களும் இதையே கேட்கிறார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ட்ராயிங்படி உள்விட்டம் 25.000 முதல் 25.040 மி.மீ. வரை இருக்கலாம். மணிக்கொரு முறை ஐந்து பீஸ் அளந்து, சராசரியைப் புள்ளியாக வைக்கிறோம். இப்படி 25 முறை அளந்ததில் மொத்தச் சராசரி 25.020. ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக 0.010. அதை, ஐந்து பீஸுக்கென்று அட்டவணையில் உள்ள 0.577 என்ற எண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ 0.006. எனவே எல்லை 25.014, 25.026. மிஷின் உண்மையில் எப்படி ஓடுகிறதோ அதிலிருந்து வந்த கோடுகள் இவை.

இன்சர்ட் (கடையும் வெட்டு முனை) தேயத் தேய ஓட்டை சிறுத்துக்கொண்டே வரும். சராசரி 25.010க்கு இறங்குகிறது என்று வையுங்கள். அதற்கு வெகு முன்பே எங்கள் கோடு காட்டிக்கொடுத்திருக்கும், ஆபரேட்டர் இன்சர்ட்டை மாற்றியிருப்பார். ட்ராயிங் கோட்டை வைத்துப் பார்த்தால் புள்ளி நன்றாக உள்ளேதான் இருக்கும். ஆனால் நூற்றுக்கு ஒரு புஷ் 25.000க்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். தனிப் பீஸ் ஆடுகிற அளவுக்கு ஐந்தின் சராசரி ஆடாது. தனிப் பீஸுக்கான அளவைச் சராசரிக்குக் கோடாகப் போடுவது எப்படிச் சரியாகும்?

எங்கள் கோடுகள் நடுவிலிருந்து மூன்று சிக்மா தூரத்தில் இருக்கின்றன; சிக்மா என்பது புள்ளிகள் வழக்கமாக எவ்வளவு சிதறும் என்பதன் அளவு. சரி, இரண்டு சிக்மாவில் இறுக்கிவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். 1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் இந்த சார்ட்டை உருவாக்கிய வால்டர் ஷூவார்ட், இல்லாத கோளாறைத் தேடி அலையும் செலவையும் இருக்கும் கோளாறைக் கோட்டைவிடும் செலவையும் எடைபோட்டுத்தான் மூன்று சிக்மாவுக்கு வந்தார். இரண்டு சிக்மா வைத்தால், மிஷின் நன்றாக ஓடும்போதே 22 புள்ளிக்கு ஒன்று வெளியே விழும். மூன்று ஷிஃப்டுக்கு 24 புள்ளி, அதாவது தினமும் ஒரு பொய் எச்சரிக்கை. நைட் ஷிஃப்டில் தனியாக நிற்கும் பையன் அதைப் பார்த்துப் பயந்து ஆஃப்செட்டில் (மிஷினில் டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண்) ஐந்து மைக்ரான் கூட்டுவான். அடுத்த புள்ளி எதிர்ப்பக்கம் போகும், திரும்பவும் குறைப்பான். விடிவதற்குள் நல்ல மிஷினின் சிதறல் கூடிவிடும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஆடிட் படிவத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். எல்லைக் கோடு டாலரன்ஸுக்குள் (ட்ராயிங் அனுமதிக்கும் அளவுக்குள்) இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, எந்தத் தேதியில் எடுத்த எந்த 25 அளவீடுகளிலிருந்து அது வந்தது என்று கேளுங்கள். மிஷினோ இன்சர்ட் கிரேடோ மாறியபின் கோட்டைத் திரும்பக் கணக்கிட்டோமா என்றும் கேளுங்கள். பதிவேட்டை எடுத்துக் காட்டுகிறோம்.