குலுக்கிய பட்டியலா, எழுதிய பட்டியலா?

எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட பார்க்கிங் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் 30 எண் கவர்டு, மீதி 30 ஓப்பன், எல்லாம் ரேண்டமாகக் குலுக்கிப் போட்டது என்று அடியில் ஒரு வரி. எனக்கு 47.

47 எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், சம்ப்புக்கு எதிரே. விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி வந்து அதன் முன்னால்தான் நிற்கும். வாரத்தில் மூன்று நாள் ஆறு மணிக்கு அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். நேற்று லாரியின் ஹோஸ் சம்ப்புக்குள் இறங்கிவிட்டது. "பாதியில எடுக்க முடியாதும்மா" என்றார் டிரைவர். வாட்ச்மேன் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேளச்சேரியில் நவம்பர் மழைக்கு அந்த மூலை என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காகச் சலுகை கேட்கவில்லை. நியாயமாகக் குலுக்கி 47 வந்தால் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் இது குலுக்கிய பட்டியல் இல்லை. தயவுசெய்து எல்லோர் முன்னிலையிலும் மறுபடி குலுக்குங்கள்.

எப்படித் தெரியும் என்று செயலாளர் கேட்டார். "பாருங்க மேடம், மூணு பிளாக்கும் எவ்வளவு அழகா கலந்திருக்கு" என்றும் சொன்னார். அந்த அழகுதான் சார் காட்டிக்கொடுக்கிறது. ஒரு பிளாக்குக்கு 20 வீடு. நிஜமாகக் குலுக்கினால், அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒரே பிளாக்குக்குப் போவது சராசரியாக 19 இடத்தில் நடக்கும். உங்கள் பட்டியலில் ஓர் இடத்தில்கூட இல்லை. கோடி முறை குலுக்கினாலும் அப்படி ஒன்று வராது.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புள்ளியியல் எடுப்பவள். வருடா வருடம் வகுப்பில் பாதிப் பேரை 200 முறை பூவா தலையா போட்டு எழுதச் சொல்வேன், மீதிப் பேரைப் போடாமலே மனதிலிருந்து எழுதச் சொல்வேன். எது எது என்று பார்த்தவுடன் பெரும்பாலும் சொல்லிவிடலாம். நிஜமாகப் போட்டால் நூற்றுக்கு 96 தடவை, எங்காவது தொடர்ந்து ஆறு பூவோ ஆறு தலையோ வந்திருக்கும். மனதிலிருந்து எழுதுகிற பிள்ளை நாலு தலை எழுதியதுமே பயந்துபோய்ப் பூவுக்கு மாறிவிடும். "ஏ பிளாக் இப்பதானே வந்துச்சு" என்று உங்களில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. சீட்டுக்கு அந்த ஞாபகமெல்லாம் கிடையாது.

குழு உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் கவர்டு கிடைத்திருப்பதை நான் கேள்வி கேட்கவே இல்லை. சுமார் 190 தடவைக்கு ஒரு தடவை அதுவும் நடக்கும். வாழ்த்துகள். ஜெனரேட்டர் டீசல் கணக்கும் இப்படித்தான் மாதா மாதம் ஏறக்குறைய ஒரே தொகையாக, அழகாக வருகிறது. கரண்ட் போகாத மாதத்திலும். லிஃப்ட் பராமரிப்பு ரசீது... சரி, அது வேறு மடல். மன்னிக்கவும்.

உத்திரமேரூர் ஒன்றும் தூரமில்லை, காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பார்த்துவிட்டு வரலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919-லும் 921-லும் வெட்டியது, குடவோலையை எப்படி எடுப்பது என்று சொல்கிறது. எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்க வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஓலை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே யாரோ விரலிடுக்கைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

குலுக்கும்போது நன்றாகவும் குலுக்குங்கள். 1969-ல் அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கப் பிறந்த தேதிகளைக் குலுக்கியபோது, மாத வரிசையில் பெட்டியில் போட்டதைச் சரியாகக் கலக்கவில்லை. வருஷக் கடைசியில் பிறந்தவர்கள்தான் அதிகமாக முதலில் மாட்டினார்கள்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, வாட்ச்மேன் அறைக்கு முன்னால், மறுபடி குலுக்குங்கள். குடம் நான் கொண்டுவருகிறேன். சீட்டு எடுக்க ஏ பிளாக் யு.கே.ஜி. குட்டி சம்மதித்துவிட்டாள், ஒரு ஐஸ்கிரீமுக்கு. அது என் செலவு.

இப்படிக்கு,
சி பிளாக் இரண்டாம் மாடியிலிருந்து
தற்போதைக்கு 47